மாமியாருக்கு ஒரு முழு மூட்டை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் பதவியின் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். நியமன உத்தரவில் அதை ஒருமுறை படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை யாரும் உங்களை அப்படிக் கூப்பிடப் போவதில்லை. ஊருக்கு நீங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர். எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் என்னை மோட்டார் ஆபீசர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களோ பெண்ணை பிரேக்குக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என் மாமனாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் சொல்ல வந்ததும் பிரேக்கைப் பற்றித்தான். தேய்ந்த பிரேக் சாமான் ஒன்றை உங்கள் மேஜைமேல் வைத்து, இதைச் சரிசெய்து ஓட்டலாமா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலோடு நான் ஒரு ஆடி மாதம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இப்போதெல்லாம் வண்டியை ரோலர்மேல் ஏற்றினால் மெஷினே மார்க் போட்டுவிடுகிறதாம். நல்லதுதான். மெஷினுக்கு மாமியார் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளில் நான் தருமபுரியில் இருந்தேன். அப்போது ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் ஒரே ஒரு கார்தான். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை வைத்திருந்து, பல கை மாறி, கடைசியில் காதர் பாயிடம் வந்து சேர்ந்த கறுப்புக் கார். அதன் கதவுகள் இப்போதைய கார்களுக்கு நேர்மாறாக, பின்பக்கக் கீலில் தொங்கும். ஊரில் அதற்கு மாப்பிள்ளை வண்டி என்றே பெயர். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் அது ஊர்ந்து வரும்போது, கூட நடக்கிற கிழவர்கள் அதை முந்திக்கொண்டு மண்டபத்தில் போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். பாய் முதலில் புளி வியாபாரி. வியாபாரம் படுத்துவிட்ட பிறகு அந்தக் கார்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

ஆனால் ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மாதம் முழுக்க வண்டி ஷெட்டில் தூங்கும். பாய் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆடிப் பதினெட்டன்று ஒகேனக்கல்லுக்குப் போய், காவிரியில் குளித்து, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். எந்த வண்டியில் மாப்பிள்ளை அழைத்தார்களோ அதே வண்டியில் ஆற்றுக்கும் போனால்தான் சாங்கியம் முழுசாகும் என்று பாய் நாலு பெண் வீட்டில் சொல்லி வைத்தார். அவ்வளவுதான். சில வருஷங்களுக்குள் அது காலங்காலமாக இருந்துவரும் வழக்கமாகிவிட்டது. தன்னுடைய கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது என்று என் மாமியாரே என்னிடம் அடித்துச் சொன்னார். அவர் கல்யாணத்துக்குப் போனது மாட்டு வண்டியில்.

எனக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வண்டியில் மாலையோடு உட்கார்ந்து, கூச்சத்தில் நெளிந்துகொண்டே ஊர்வலம் போனேன். ஆடி பிறந்ததும் மாமனார் வந்து என் மனைவி செல்வியை அதியமான்கோட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டில் இருக்க வேண்டும். பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குத்தான் புருஷன் முகத்தைப் பார்க்கலாம். தருமபுரியில் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி மடிப்பதற்குள் அதியமான்கோட்டை வந்துவிடும். ஆனாலும் போகக் கூடாது. அந்த ஆடியில் சேலம் ரோட்டில் அதியமான்கோட்டைப் பக்கம் வாகனச் சோதனை வழக்கத்தைவிட அதிகமாக நடந்தது. அதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் கிடையாது.

பதினெட்டுக்கு மாப்பிள்ளை வண்டியைக் கேட்டுப் பெண் வீட்டார்களுக்குள் போட்டி இருக்கும். அந்த வருஷம் வண்டி என் மாமனாருக்குக் கிடைத்தது. காரணத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வாடகைக் கார் என்பதால் அதற்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஊர் பாஷையில் எஃப்.சி. அந்தச் சான்று அந்த ஆடியில்தான் முடிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய ஆள் நான்.

பாய் வண்டியைத் துடைத்து, கண்ணாடியில் முகம் பார்க்கும்படி ஆக்கிக் கொண்டுவந்தார். எங்கள் சோதனை ரொம்பச் சுலபமானது. அலுவலகத்துக்கு முன்னால் மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வண்டி வேகம் பிடித்ததும் "ம்" என்று சொல்ல வேண்டும். அவர் பிரேக்கை மிதிப்பார். பிறகு இறங்கிப் போய், நாலு டயரும் ரோட்டில் ஒரே மாதிரி கோடு இழுத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பாயின் கார் நின்ற அழகைப் பார்த்து எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். கோடு நாலும் கச்சிதமாக விழுந்திருந்தது.

அதோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதினெட்டன்று அந்தக் காரின் பின்சீட்டில் உட்காரப் போவது யார் என்று எனக்குத் தெரியும். அதனால் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். அது கடமை உணர்ச்சி என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

உள்ளே இருந்த பிரேக் டிரம்மை, சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புக் கிண்ணத்தை, ஸ்பேனரால் தட்டினேன். கனமான டிரம் அடங்கிய ஓசை தரும். இது எவர்சில்வர் டம்ளரைத் தட்டினது போலக் கணீரென்றது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். இரும்பு இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. டிரம்மில் கோடு விழும்போதெல்லாம் பாய் அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பட்டறைக்காரர் உள்பக்கத்தைக் கடைந்து வழவழப்பாக்கி, கடைந்த அளவுக்குக் கனமான லைனிங் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. எல்லா நல்ல வேலையும் சேர்ந்து டிரம்மைத் தகடாக்கியிருந்தது.

டிரம் மெலிந்தால் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது வருகிற சூட்டை வாங்கிக்கொள்ள அதற்குக் கனம் வேண்டும். மெலிந்த தோசைக்கல் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். காய்ந்த டிரம் விரியும். விரிந்தால், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய லைனிங் எட்டாது. பெடல் தரையைத் தொடும், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நேர் ரோட்டில் ஒரே ஒரு தடவை மிதித்தால் இதெல்லாம் தெரியவே தெரியாது. பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் போனால் ஆயுசுக்கும் தெரியாது. ஒகேனக்கல்லுக்கு பென்னாகரம் தாண்டி மலை இறங்கிப் போக வேண்டும்.

வேறு டிரம் மாட்டுங்கள் என்றேன். அந்தக் காருக்கு டிரம் சென்னையில்கூடக் கிடைக்காது என்று பாய் சொன்னார். உண்மைதான். ஊரில் ஒரு மெக்கானிக் மட்டும் ஜீப் டிரம் ஒன்றின் நடு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இதற்கு உட்காரும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து பாய் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

"இது வண்டியோட பொறந்த டிரம்முங்க சார். இதைக் கழட்டிட்டு ஜீப்பு டிரம்மை மாட்டுனா, அப்புறம் நான் மாப்பிள்ளை வண்டின்னு எதைச் சொல்றதுங்க?"

வேடிக்கை என்னவென்றால் விதியும் பாய் பக்கம்தான் இருந்தது. சொந்த டிரம்மைக் கடைந்து ஓட்டினால் அது ரிப்பேர், கேள்வி கிடையாது. வேறு வண்டியின் டிரம்மை மாட்டினால் அது மாற்றம், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். என் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, நேர் ரோட்டில் வண்டி நின்றதா என்று கேட்டார். நின்றது என்றேன். "நின்ன வண்டிக்குக் கையெழுத்துப் போடு. நிக்காத வண்டியைப் பத்தி அது நிக்காதப்போ பேசிக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற அவருக்கு அதிக நாள் இல்லை, அவ்வளவுதான்.

மலை இறங்கிப் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை. இறங்கக் கூடாது என்றும் இல்லை. நான் மாமனாருக்குச் சொல்லியனுப்பி அவர் வயலில் விளைந்த கேழ்வரகு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குக் களிமேல் இவ்வளவு ஆசையா என்று மனுஷன் பூரித்துப் போய் மாட்டு வண்டியிலேயே அனுப்பி வைத்தார். அதைப் பிரித்துக் கட்டி பாயின் காரில் ஏற்றினேன். மாமனாருக்கு முன்சீட்டில், என் காலடியில், முக்கால் மூட்டை. மாமியாருக்குப் பின்சீட்டில் ஒரு முழு மூட்டை. அவர் பக்கத்தில், கதவோரமாக, செல்விக்கு அரை மூட்டை. எனக்கு நானே இருந்தேன். எந்த மூட்டை யார் என்று பாய் கேட்டார், சொன்னேன். மாமியார் மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மலை இறக்கத்தில் முதல் சில வளைவுகளில் கார் சொன்ன பேச்சு கேட்டது. பாய் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். பிறகு ஒரு கருகல் வாசனை வந்தது. லைனிங் புதுசு, அப்படித்தான் வாசம் வரும் என்றார். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். மிதித்தது வண்டிக்குத் தெரியவில்லை. திரும்ப மிதித்தார். பெடல் தரையில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாய் கியரை இறக்கினார், கியர்பெட்டி அலறியது. கைபிரேக்கை இழுத்தார், அதுவும் அந்தத் தகட்டு டிரம்மைத்தானே பிடித்தாக வேண்டும். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பின்பக்கக் கீலில் தொங்குகிற கதவைத் திறந்து எந்தப் பக்கமாகக் குதிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாய் குதிப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. காரை மலைப்பக்கத்து மண் சரிவில் கொண்டுபோய் உரசினார். கார் உடம்பு முழுக்கக் கீறிக்கொண்டு, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போய், ஒரு மண் மேட்டில் மூக்கை நுழைத்து நின்றது. பின்சீட்டிலிருந்த மாமியார் முன்னால் பறந்து வந்து என் முதுகில் அறைந்து, தையல் விட்டு, காரெங்கும் கொட்டினார். அடுத்த நிமிஷம் மரத்திலிருந்து குரங்குகள் இறங்கின. என்னையும் பாயையும் அவை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மாமியாரை இரண்டு கையாலும் அள்ளித் தின்றன.

நான் சிரித்துவிட்டேன். உயிர் தப்பினால் அப்படி ஒரு சிரிப்பு வரும். பாய் சிரிக்கவில்லை. ரோட்டில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அரை மூட்டையைக் காணோமுங்க சார்" என்றார்.

பின்கதவு திறந்து கிடந்தது. பின்பக்கக் கீல் கதவு அல்லவா, கொண்டி விட்டதும் காற்றே அதைப் பிடித்துத் திறந்திருக்கிறது. வந்த வழியில் மேலே நடந்தோம். வளைவில், பள்ளத்தின் பக்கம் இருந்த கைப்பிடிச் சுவரில் மோதி அந்த அரை மூட்டை சாய்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைதான் தெரிந்தது. அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பாய் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டார்.

"ஜீப்பு டிரம்மே போட்டுரலாங்க" என்றார்.

இதுவரை நடந்தது பயம்தான். உங்கள் வேலை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பதினெட்டுக்கு நாள் அதிகம் இல்லை. அனுமதி கேட்டு மேலே போகிற காகிதம் மாதக்கணக்கில் தூங்கிவிட்டுத்தான் வரும். பாய் ஒரு யோசனை சொன்னார். நான் பழைய டிரம்முக்கே எஃப்.சி. கொடுத்துவிடுவது, அவர் அன்று சாயங்காலமே ஜீப் டிரம்மை மாட்டிவிடுவது. காகிதமும் சுத்தம், பிரேக்கும் சுத்தம். மேலதிகாரிக்கும் நிம்மதி, மாமனாருக்கும் நிம்மதி, எனக்குச் செல்வி. ஒரு ராத்திரி முழுக்க எனக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது.

காலையில் பிடிக்கவில்லை. ஜீப் டிரம்மின் ஓட்டையை அவசரத்தில் பெரிதாக்கினால் அது நடுவில்தான் உட்காரும் என்று யார் சொன்னது? கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் விடும். அதை மாட்டி, ஓட்டி, கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்ட வேண்டும். அதற்கு நாள் வேண்டும், நாள் இல்லை. பழையதைக் கடைய இனி இரும்பு இல்லை, புதியதை நம்ப இன்னும் நேரம் வரவில்லை. ரிப்பேரா, மாற்றமா என்று கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். வண்டியை நிறுத்தி வை என்று சொல்லவும் நமக்கு அதிகாரம் இருக்கிறது. அதைச் சொன்னால் யாருக்கும் நம்மைப் பிடிக்காது. அதனால்தான் அது கடைசியில் நினைவுக்கு வருகிறது.

காருக்குச் சான்று மறுத்து எழுதினேன். ஜீப் டிரம்முக்கு அனுமதி கேட்டு இன்னொரு காகிதம் எழுதி மேலே அனுப்பினேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அதியமான்கோட்டைக்குப் போனேன்.

மாமனாருக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. கார் போச்சு, சாங்கியம் போச்சு, கேழ்வரகைக் குரங்கு தின்றது என்று மூன்று துக்கத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமியாரின் துக்கம் தனி. எந்த மூட்டை யார் என்ற விவரமும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செல்வி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. மாமனார்தான் பேச்சை எடுத்தார்.

"ராகி போனாப் போவுதுங்க மாப்ள. ஊருக்கெல்லாம் கார்லதான் போறோமுன்னு சொல்லி வெச்சுட்டு, எம்பொண்ணு பஸ்ஸுல நசுங்கிக்கிட்டுப் போயி கயிறு மாத்தோணுமா? அதுவும் நீங்க இந்த உத்தியோகத்துல இருக்கையில?"

நான் டிரம்மைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மெலிந்த தோசைக்கல் வரைக்கும் வந்தேன். அதற்குள் வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. காதர் பாய். அவருக்கு அந்த மாதம் வருமானம் போய்விட்டது, காரின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல், எல்லாம் என்னால். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பாய் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மாமியாரைப் பார்த்துப் பேசினார்.

"நான் முன்னயே வந்து சொல்லியிருக்கோணும், தப்பா நெனைக்காதீங்கம்மா. மொத ஆடிக்கு சனத்தோட சனமா பஸ்ஸுலதான் போவோணுமுங்க. கொழந்தை பொறந்து, ரெண்டாவது ஆடிக்குத்தான் மாப்பிள்ளை வண்டி. அதானுங்க முறை."

எந்தப் பெரியவர் சொன்ன முறை என்று மாமனார் கேட்கப் போனார். மாமியார் முந்திக்கொண்டார். ஆமாம், தன் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது என்றார். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. கதவுக்குப் பின்னால் செல்வி சிரித்தது எனக்குக் கேட்டது.

பதினெட்டன்று பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் புடவையும் புது வேட்டியுமாகப் பாதிக்கு மேல் புது ஜோடிகள். பாய் தன் புதிய முறையை நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கூரைமேலும் ஆட்கள், படியிலும் ஆட்கள். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று சத்தமாகச் சொல்லி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். என் உத்தியோகத்தின் பெயரைக் கேட்டு என் மாமனார் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பதினெட்டு நாளாகப் பார்க்காத முகம். எனக்கு அந்த நேரத்தில் உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

டிரைவர் தலைக்கு மேலே, கண்ணாடிக்குப் பக்கத்தில், பஸ்ஸின் எஃப்.சி. தேதி பெயிண்டில் எழுதியிருந்தது. அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவன் நான். சோதனை எனக்கு நன்றாக நினைவிருந்தது. காலி பஸ். அலுவலகத்துக்கு முன்னால் நேர் ரோடு. "ம்" என்றேன், நின்றது. கோடு பிசகாமல் விழுந்திருந்தது. டிரம்மைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதற்குத் தோன்ற வேண்டும்?

மலை இறக்கம் ஆரம்பித்தது. முதல் வளைவில் டிரைவர் பிரேக்கை மிதித்தபோது என் வலது காலும் தரையை மிதித்தது. அடுத்த வளைவிலும் மிதித்தது. கருகல் வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். பஸ் முழுக்க மல்லிகைப்பூ வாசனை, ஒன்றும் தெரியவில்லை. செல்வி என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இந்த பஸ்ஸுக்கும் மூட்டை வெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் திரும்பி பஸ்ஸுக்குள் பார்த்தாள். நின்றவர்கள், மடியில் உட்கார்ந்தவர்கள், தூங்குகிற குழந்தைகள், படியில் தொங்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்த பையன்கள்.

"அப்ப இவங்கெல்லாம்?" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த இலாகாவில் இருந்தேன். எத்தனையோ பேர் என்னை விசாரித்திருக்கிறார்கள், விளக்கம் கேட்டிருக்கிறார்கள், மெமோ கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் டிரைவர் தலைக்கு மேலே இருந்த எஃப்.சி. தேதியைத் திரும்பப் பார்த்தேன். பஸ் பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தது. ஆற்றில் குளித்தோம், கயிறு மாற்றினோம், மீன் வறுவல் சாப்பிட்டோம். அதே பஸ் திரும்ப மலை ஏறும், நாளைக்கு மறுபடி இறங்கும் என்பதே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த பஸ்ஸை வரவழைத்துச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். டிரம் கணீரென்றது. இன்னொரு தடவை கடைந்துகொள்கிறேன் என்று முதலாளி கெஞ்சினார். காதர் பாய்க்குப் புது டிரம் கிடைக்கவில்லை, இவருக்குக் கடைத்தெருவிலேயே கிடைத்தது. கடைய முடியும் என்பதனாலேயே கடைந்துகொண்டிருந்தார். மாற்ற வைத்தேன். பிறகு மணல் மூட்டை ஏற்றி மலை இறக்கிப் பார்த்தேன். பென்னாகரம் பக்கம் ஓடிய மற்ற பஸ்களையும் அப்படியே இறக்கினேன். மேலதிகாரி என்னைப் பைத்தியம் என்றார். பஸ் முதலாளிகள் வேறு வார்த்தைகளைச் சொன்னார்கள்.

தேய்ந்த சாமானை உங்களிடம் கொண்டுவருகிறவர்கள், இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்பார்கள். முடியும். கெட்டிக்காரப் பட்டறைக்காரர் இருந்தால் எதையும் சரிபண்ண முடியும். அந்த வண்டி எங்கே போகப் போகிறது, அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். யார் என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். தெரியாதபோது கேட்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஜீப் டிரம்முக்கு அனுமதி ஆவணியில் வரவில்லை, ஐப்பசியிலும் வரவில்லை. வந்தபோது தை மாதக் கல்யாணங்கள் தொடங்கியிருந்தன. பாய் அதைச் சாவகாசமாக மாட்டி, ஓட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். அடுத்த ஆடிப் பதினெட்டன்று காலையில் மாப்பிள்ளை வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. செல்வியின் இடுப்பில் எங்கள் மகள். மாமனாரும் மாமியாரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். முறைப்படி இரண்டாவது ஆடி.

கதவைத் திறந்தால் சீட்டிலும் தரையிலும் கேழ்வரகு சிதறிக் கிடந்தது. இது என்ன என்று பாயைக் கேட்டேன். முந்தின நாள் தனியாக ஒரு தடவை மலை இறங்கிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு, மாமியார் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்.

"எல்லாரையும் பழையபடியே வெச்சுப் பாத்தனுங்க சார். அரை மூட்டைமேல பாப்பாவுக்குன்னு ஒரு சின்ன மூட்டை சேத்துக் கட்டுனனுங்க. அசையலீங்க."

சீட்டிலிருந்த கேழ்வரகைத் துண்டால் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மலை இறங்கி ஆற்றங்கரை போய்ச் சேரும்வரை மகள் என் மடியில் தூங்கினாள். என் வலது கால் ஒரு தடவைகூடத் தரையை மிதிக்கவில்லை.